கூப்பர் பிளாக் (எழுத்துரு)

கூப்பர் பிளாக் என்பது இலத்தீன் எழுத்துகளுக்கென ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட மிகத் தடித்த காட்சி எழுத்துரு ஆகும். சிக்காகோ நகரைச் சேர்ந்த எழுத்து வடிவமைப்பாளர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் இதனை வரைந்தார். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்னும் எழுத்து வார்ப்பகம் 1922 ஆம் ஆண்டில் இதனை உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. விளம்பரங்கள், கடைப் பெயர்ப் பலகைகள், இசைத்தட்டு உறைகள், தொலைக்காட்சித் தொடர்களின் தலைப்புகள், உணவுப் பொருள்களின் உறைகள் எனப் பல இடங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இது பயன்பட்டு வருகிறது. மழுங்கிய விளிம்புகளும் பருத்த கோடுகளும் கொண்ட இதன் தோற்றம் நட்பும் எளிமையும் தோன்றச் செய்வதால், சிறு வணிகங்கள் தம் பெயரை எழுத இதனைப் பெரிதும் விரும்புகின்றன. அதே தடிப்பே பொருந்தாத இடத்தில் பெயரைப் படிக்க முடியாமல் செய்துவிடுவதும் உண்டு.

காட்சி எழுத்துரு

அச்செழுத்துகளை அவற்றின் பயன் கருதி இரு பெரும் பிரிவுகளாகப் பிரிப்பர். நூல், செய்தித்தாள் முதலியவற்றில் தொடர்ந்து படிப்பதற்குரிய சிறிய எழுத்து உரை எழுத்துரு எனப்படும். தலைப்பு, சுவரொட்டி, பெயர்ப் பலகை, இலச்சினை ஆகியவற்றில் ஒருசில சொற்களை மட்டும் பெரிதாகக் காட்டுவதற்குரியது காட்சி எழுத்துரு ஆகும். உரை எழுத்துரு வாசகரின் கவனத்தைத் தன்பால் ஈர்க்காமல் பொருளை மட்டும் உணர்த்த வேண்டும். காட்சி எழுத்துரு அதற்கு மாறாக முதலில் கண்ணை ஈர்த்து, அதன் பின்னர் சொல்லை உணர்த்துகிறது.

தடித்த காட்சி எழுத்துகள் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தோன்றின. தொழிற்புரட்சியை அடுத்து வணிகப் போட்டி மிகுந்தபோது, நூல்களுக்கென வார்க்கப்பட்ட எழுத்துகள் தெருச் சுவரொட்டிகளுக்குப் போதாமல் போயின. அவ்வேளையில் உருவான கொழுத்த எழுத்துகளில் தடித்த கோட்டிற்கும் மெல்லிய கோட்டிற்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. மெல்லிய கோடுகள் அச்சிடும்போது எளிதில் முறிந்தன அல்லது மங்கின. கூப்பர் பிளாக் எழுத்தில் இவ்வேறுபாடு மிகக் குறைவு. மெல்லிய பகுதிகளும் போதிய தடிப்புடன் இருப்பதால் அது தேய்மானத்தையும் தரம் குறைந்த தாளையும் தாங்கியது.

வரலாறு

வடிவமைப்பாளர்

ஆஸ்வால்ட் கூப்பர் 1879 ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் பிறந்து, கான்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். இளம் வயதிலேயே அச்சகப் பணியில் ஈடுபட்ட அவர், ஓவியராகும் விருப்பத்துடன் சிக்காகோ சென்று பிராங்க் ஹோம் நடத்திய ஓவியப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்து வடிவமைப்பாளரான பிரெடெரிக் கௌடி அப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார். தமக்கு ஓவியத்தைவிட எழுத்து வரைதலே கைவரும் என்பதை உணர்ந்த கூப்பர், 1904 ஆம் ஆண்டில் பிரெட் பெர்ட்சுடன் இணைந்து பெர்ட்ச் அண்ட் கூப்பர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் விளம்பரங்களுக்குத் தேவையான எழுத்து வரைதல், பக்க அமைப்பு, அச்சுக் கோத்தல் ஆகிய பணிகளைச் செய்தது.

அக்காலத்தில் பெரிய விளம்பரங்களின் தலைப்புகள் பெரும்பாலும் கையால் வரையப்பட்டன. பேக்கார்ட் மோட்டார் வண்டி நிறுவனத்தின் விளம்பரங்களுக்குக் கூப்பர் வரைந்த எழுத்தைப் பின்பற்றி, அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் 1913 ஆம் ஆண்டில் பேக்கார்ட் என்னும் அச்செழுத்தை வெளியிட்டது. கூப்பரின் கையெழுத்துப் பாணிக்குச் சந்தையில் மதிப்பு இருந்ததை இது காட்டியது. கூப்பர் 1940 ஆம் ஆண்டில் சிக்காகோவில் காலமானார்.

வெளியீடும் வளர்ச்சியும்

பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1919 ஆம் ஆண்டில் கூப்பர் என்னும் எழுத்தை வெளியிட்டது. பின்னர் இது கூப்பர் ஓல்டு ஸ்டைல் எனப்பட்டது. இது சாதாரணத் தடிப்புடைய, முனைகள் மழுங்கிய எழுத்தாகும். இதன் மிகத் தடித்த வடிவமாக 1922 இல் வெளிவந்த கூப்பர் பிளாக், மூல எழுத்தைவிடப் பன்மடங்கு புகழ் பெற்றது. பின்வரும் வடிவங்கள் அதனைத் தொடர்ந்தன:

* கூப்பர் இட்டாலிக் (1924) - சாய்ந்த வடிவம்
* கூப்பர் ஹைலைட் (1925) - தடித்த எழுத்தினுள் வெண்கோடு ஒளிபோல ஓடும் வடிவம்
* கூப்பர் பிளாக் இட்டாலிக் (1926) - தடித்த சாய்ந்த வடிவம்
* கூப்பர் பிளாக் கண்டென்ஸ்டு (1926) - அகலம் குறைந்த வடிவம்
* கூப்பர் ஃபுல்ஃபேஸ் (1929) - தடித்த, மெல்லிய கோடுகளுக்கிடையே வேறுபாடு மிகுந்த வடிவம்

பழமைவிரும்பிகளான அச்சுக் கலைஞர்கள் சிலர் இவ்வெழுத்தைக் கருப்பு அச்சுறுத்தல் என்று எள்ளினர். கூப்பரோ, தொலைநோக்குடைய அச்சகத்தாருக்கும் அவர்களுடைய கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களுக்கும் உரிய எழுத்து இது என்னும் கருத்துப்பட நகைச்சுவையாகக் கூறினார். விற்பனை பெருகியதைக் கண்ட பிற நிறுவனங்களும் இதையொத்த எழுத்துகளை வெளியிட்டன. லட்லோ நிறுவனத்தின் லட்லோ பிளாக், மோனோடைப் நிறுவனத்துக்காகக் கௌடி வரைந்த கௌடி ஹெவிஃபேஸ் ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

ஒளி அச்சுக் கோப்புக் காலம்

உலோக அச்செழுத்து ஒவ்வொன்றும் ஓர் உலோகக் கட்டையின் மேல் அமைந்திருந்தது. ஆகவே இரண்டு எழுத்துகளை அக்கட்டைகள் அனுமதிக்கும் அளவுக்கு மேல் நெருக்கமாக வைக்க இயலாது. 1960களில் ஒளி அச்சுக் கோப்பு முறையும், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துத் தாள்களும் பரவியபோது இத்தடை நீங்கியது. எழுத்துகளை ஒன்றையொன்று தொடுமளவு நெருக்கி அமைப்பது அக்காலத்தின் பாணியாயிற்று. உருண்டை வடிவம் கொண்ட கூப்பர் பிளாக் இவ்வாறு நெருக்கி அமைப்பதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தமையால் மீண்டும் பெருவழக்கை அடைந்தது. பீச் பாய்ஸ் இசைக்குழுவின் பெட் சவுண்ட்ஸ் (1966) இசைத்தட்டின் உறையும், பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரான டாட்ஸ் ஆர்மியின் (1968) தலைப்பும் இக்காலப் பயன்பாட்டுக்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். துணியின் மேல் சூடேற்றி ஒட்டும் எழுத்துகளாகவும் இது கிடைத்ததால், பின்னலாடைச் சட்டைகளில் பெயர் பொறிப்பதற்கும் பயன்பட்டது.

கணினிக் காலம்

கணினி எழுத்துருவாக மாற்றப்பட்ட பின்னர், மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் மென்பொருள் தொகுப்புடன் கூப்பர் பிளாக் வழங்கப்பட்டது. இதனால் தனி வடிவமைப்பாளரை அமர்த்த இயலாத சிறு கடைக்காரர்கள்கூடத் தம் கணினியிலேயே இதனைக் கையாள முடிந்தது. வார்ப்பகத்தில் விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்த எழுத்து, பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கும் எழுத்தாயிற்று. இவ்வெழுத்து எங்கும் காணப்படுவதற்கும், சிலருக்குச் சலிப்பூட்டுவதற்கும் இதுவே முதன்மையான காரணம் எனலாம்.

வடிவக் கூறுகள்

கூப்பர் பிளாக் எழுத்தின் முதன்மைப் பண்புகள் பின்வருமாறு:

* மழுங்கிய முனைகள்: கோடுகளின் முடிவில் உள்ள சிறு முனைப்புகள் கூர்மையாக அமையாமல் உருண்டு முடிகின்றன. எழுத்தின் அடிப்பகுதியும் தட்டையாக இராமல் சற்றே வளைந்துள்ளது. எழுத்து மென்மையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.
* குறைந்த வேறுபாடு: தடித்த கோடுகளுக்கும் மெல்லிய கோடுகளுக்கும் இடையிலான வேறுபாடு சிறிது.
* உயர்ந்த சிற்றெழுத்துகள்: ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் உடற்பகுதி, பேரெழுத்துகளை நோக்கப் பெரியது. ஆகவே ஒரே அளவில் அமைத்த பிற எழுத்துருக்களைவிட இது பெரிதாகத் தோன்றும்.
* குட்டையான கீழ்நீட்சி: அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் பகுதிகள் குறுகியவை. இதனால் வரிகளை நெருக்கமாக அடுக்கலாம்.
* சிறிய உள்வெளி: எழுத்துகளுக்குள் அடைபட்டுள்ள வெற்றிடம் மிகக் குறைவு. ஓ என்னும் ஆங்கில எழுத்தின் உட்துளை ஒரு சிறிய சாய்ந்த நீள்வட்டமாகவே உள்ளது. இ எழுத்தின் மேற்கண்ணும் மிகச் சிறியது.

முதல் நான்கு பண்புகளும் இவ்வெழுத்தின் வலிமை. ஐந்தாவது அதன் வரம்பு. எழுத்தை அடையாளம் காணக் கண் அதன் கருமையை மட்டுமன்றி உள்ளிருக்கும் வெண்மையையும் நம்பியுள்ளது. அளவு குறையும்போது வெண்மை முதலில் மறைகிறது. உள்வெளி அடைபட்டவுடன் ஏ, இ, ஓ ஆகிய மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஒரே கரும்புள்ளிபோலத் தோன்றத் தொடங்குகின்றன.

சிறு வணிக அடையாளத்தில் பயன்பாடு

பெரிய நிறுவனமொன்றின் பெயர் மக்களுக்கு முன்னரே அறிமுகமானது. அதன் எழுத்தைப் பாதி மட்டும் கண்டாலும் அவர்கள் அடையாளம் கண்டுகொள்வர். புதிதாகத் தொடங்கும் அடுமனைக்கோ தேநீர்க் கடைக்கோ அவ்வசதி இல்லை. தெருவில் செல்பவர் ஓரிரு நொடிகளில் பெயரைப் படித்துவிட வேண்டும். என்ன விற்கப்படுகிறது என்பதையும் ஊகித்துவிட வேண்டும். பெயர்ப் பலகைக்குச் செலவிடும் தொகை சிறு வணிகத்திற்குப் பெரிய தொகை. அதை அடிக்கடி மாற்றவும் இயலாது. ஆகவே எழுத்துருத் தெரிவில் ஏற்படும் பிழை பல ஆண்டுகள் கடையின் முகப்பிலேயே நின்றுவிடக்கூடும்.

தொடக்க நிலையில் தடித்த எழுத்தை அடையாளமாகக் கொண்ட நிறுவனத்துக்கு ஈசிஜெட் வானூர்தி நிறுவனம் எடுத்துக்காட்டாகும். 1995 ஆம் ஆண்டில் குத்தகைக்கு எடுத்த இரண்டு வானூர்திகளுடன் இலண்டனுக்கு அருகிலுள்ள லூட்டன் நிலையத்திலிருந்து அது பறக்கத் தொடங்கியது. செம்மஞ்சள் நிறமும் கூப்பர் பிளாக் எழுத்தும் அதன் அடையாளமாயின. முன்பதிவுக்குரிய தொலைபேசி எண் வானூர்தியின் உடற்பகுதியிலேயே பெரிதாக எழுதப்பட்டிருந்தது. பிற வானூர்தி நிறுவனங்கள் மிடுக்கான மெல்லிய எழுத்துகளை நாடிய வேளையில், இது மலிவான, எளிய சேவை என்பதை அதன் எழுத்தே உணர்த்தியது. நிறுவனம் பெரிதாக வளர்ந்த பின்னரும் அவ்வடையாளம் பேணப்பட்டது.

தொழிலுக்குப் பொருந்துதல்

எழுத்துரு தன்னுடன் பழைய நினைவுகளையும் கொண்டு வருகிறது. கூப்பர் பிளாக் பலருக்கும் இனிப்பு, சிறுவர் பொருள்கள், 1970களின் இசை, வேடிக்கை ஆகியவற்றை நினைவூட்டுகிறது. அடுமனை, பனிக்கூழ்க் கடை, பொம்மைக் கடை, சட்டை அச்சிடும் கடை, செல்லப்பிராணிப் பொருள்கள் விற்குமிடம் ஆகியவற்றுக்கு இது இயல்பாகப் பொருந்தும். கணக்காய்வு அலுவலகம், சட்ட ஆலோசனை மையம், நோயறி ஆய்வுக்கூடம் போன்றவற்றில் இதே எழுத்து பொருத்தமற்றதாகத் தோன்றும். அங்கு வருபவர் எதிர்பார்ப்பது துல்லியத்தையே அன்றி விளையாட்டை அன்று.

பொருத்தத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒரே பெயரை நான்கைந்து எழுத்துருக்களில் கருப்பு வெள்ளையில் அமைத்து, தொழிலைப் பற்றி ஏதும் கூறாமல் சிலரிடம் காட்டி, இது என்ன கடையாக இருக்கும் என்று கேட்கலாம். விடைகள் உண்மையான தொழிலிலிருந்து வெகுதூரம் விலகினால் அவ்வெழுத்து பொருந்தவில்லை எனக் கொள்ளலாம். அதே தெருவில் உள்ள பிற கடைகளின் பலகைகளையும் பார்ப்பது நன்று. பக்கத்துக் கடைகள் யாவும் தடித்த எழுத்தையே பயன்படுத்தினால், தடிப்பினால் மட்டும் தனித்துத் தெரிய முடியாது.

பெயரின் நீளம்

தடித்த எழுத்து அகலத்தை மிகுதியாக எடுத்துக்கொள்ளும். ஒன்று முதல் மூன்று குறுஞ்சொற்கள் வரையிலான பெயருக்குக் கூப்பர் பிளாக் ஏற்றது. நீண்ட பெயரைப் பலகையின் அகலத்திற்குள் அடக்க வேண்டுமாயின் எழுத்தின் உயரத்தைக் குறைக்க நேரிடும். அப்போது தடிப்பினால் கிடைத்த பயன் உயரக் குறைவினால் இழக்கப்படும். இத்தகைய இடங்களில் பெயரின் முதன்மைச் சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் பெரிதாக அமைத்து, எஞ்சிய விளக்கத்தை மெல்லிய எழுத்தில் கீழே அமைப்பது வழக்கம்.

பேரெழுத்துகளால் மட்டும் அமைத்த சொல் செவ்வகக் கட்டைபோலத் தோன்றும். கூப்பர் பிளாக் எழுத்தின் அழகு அதன் சிற்றெழுத்துகளிலேயே மிகுதியாக வெளிப்படுகிறது. ஆகவே முதலெழுத்தை மட்டும் பேரெழுத்தாகவோ, முழுவதும் சிற்றெழுத்தாகவோ அமைப்பது பெரும்பாலும் நல்ல பயன் தரும்.

அளவும் தொலைவும்

பெயர்ப் பலகைத் தொழிலில் வழங்கும் கைக்கணக்கு ஒன்றின்படி, வசதியாகப் படிக்க ஒவ்வொரு 3 மீட்டர் தொலைவுக்கும் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் எழுத்துயரம் வேண்டும். 15 மீட்டர் அகலமான சாலையின் மறுபுறத்திலிருந்து படிக்க வேண்டிய பெயருக்கு ஏறத்தாழ 125 மில்லிமீட்டர் உயரம் தேவைப்படும். சிற்றெழுத்துகளில் அமைந்த பெயராயின் அவற்றின் உடற்பகுதியையே இவ்வுயரமாகக் கொள்வது பாதுகாப்பானது. ஓடும் வண்டியிலிருந்து படிக்கப்பட வேண்டுமாயின் இன்னும் பெரிதாக இருத்தல் நலம். இது தோராயக் கணக்கே. வெளிச்சம், நிறம், பார்க்கும் கோணம் ஆகியவற்றுக்கேற்ப இது மாறும். அச்சிட்ட மாதிரியைச் சுவரில் ஒட்டி, உரிய தொலைவில் நின்று பார்ப்பதே உறுதியான சோதனையாகும்.

எதிர்முனையில், மிகச் சிறிய அளவும் கருத்தில் கொள்ளத்தக்கது. இலச்சினை பலகையில் மட்டுமன்றிப் பற்றுச்சீட்டு, இரப்பர் முத்திரை, முகவரி அட்டை, கைப்பேசித் திரையின் சிறு படவுரு ஆகியவற்றிலும் இடம்பெறும். இரப்பர் முத்திரையில் மை பரவுவதாலும், துணிப் பூவேலையில் நூலின் தடிப்பினாலும் சிறிய உள்வெளிகள் அடைபடும். இவற்றுக்கென முழுப்பெயருக்கு மாற்றாக முதலெழுத்தை மட்டும் கொண்ட ஒரு சுருக்க வடிவத்தையோ, தடிப்பு குறைந்த ஒரு துணை வடிவத்தையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்வது நன்று.

இடைவெளியும் நிறமும்

தலைப்பு அளவில் எழுத்துகளைச் சற்றே நெருக்கி அமைத்தால் சொல் ஒரே உருவமாகத் தோன்றும். ஆயினும் இரண்டு எழுத்துகள் ஒட்டி மூன்றாவதொரு எழுத்தாக மயங்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒளிரும் பலகைகளில் எழுத்தின் விளிம்பு ஒளியால் பரவித் தோன்றுமாதலால், அங்கு இடைவெளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். அடர்ந்த பின்னணியில் வெண்ணிற எழுத்தை அமைக்கும்போதும் இதே விளைவு உண்டு.

இலச்சினையை முதலில் ஒரே நிறத்தில் வடிவமைப்பது பயனுள்ள முறையாகும். ஒரே நிறத்தில் தெளிவாகத் தெரியும் பெயர் பல நிறங்களிலும் தெரியும். நிறக்கலப்பு, நிழல், புறக்கோடு ஆகியவற்றை நம்பி நிற்கும் பெயர், பற்றுச்சீட்டு அச்சுப்பொறியில் வெறும் கருந்திட்டாகிவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு மிகுந்திருக்க வேண்டும். மஞ்சளின் மேல் வெள்ளை, சிவப்பின் மேல் கரும்பச்சை போன்ற இணைகள் தொலைவில் கலங்கித் தெரியும். சிவப்பு - பச்சை நிறக்குருடு உடையோருக்குப் பிற்கூறிய இணை இன்னும் கடினமானது.

துணை எழுத்துரு

முகவரி, விலைப்பட்டியல், தொலைபேசி எண், பொருளின் உட்கூறுகள் ஆகியவற்றைக் கூப்பர் பிளாக் எழுத்தில் அமைத்தல் தகாது. இவற்றுக்கு முனைப்புகள் அற்ற எளிய எழுத்துரு ஒன்றைத் துணையாகக் கொள்வர். தடித்த எழுத்துரு ஒன்றும் எளிய எழுத்துரு ஒன்றுமாக இரண்டே எழுத்துருக்கள் பெரும்பாலான சிறு வணிகங்களுக்குப் போதுமானவை. தடித்த காட்சி எழுத்துருக்கள் இரண்டை அருகருகே அமைத்தால் ஒன்றோடொன்று போட்டியிட்டு இரண்டுமே வலுவிழக்கும்.

பொதுவான பிழைகள்

* செயற்கைத் தடிப்பு: முன்னரே தடித்த எழுத்துருவின் மேல் மென்பொருளின் தடிப்புப் பொத்தானை அழுத்துவது. மென்பொருள் கோடுகளைச் செயற்கையாகப் பருக்கச் செய்வதால் உள்வெளிகள் அடைபடுகின்றன.
* இழுத்து நீட்டல்: பலகையின் அளவுக்கேற்ப எழுத்தைக் கிடையாகவோ நெட்டாகவோ இழுப்பது. இதனால் கோடுகளின் தடிப்பு விகிதம் கெடுகிறது. அகலம் குறைந்த வடிவம் தேவையெனில் அதற்கென வரையப்பட்ட எழுத்துருவைப் பயன்படுத்துவதே முறை.
* எழுத்துரு மாறிப்போதல்: அச்சகத்தின் கணினியில் அவ்வெழுத்துரு இல்லாவிடின் வேறொன்று தானாக இடம்பெறும். கோப்பை அனுப்புமுன் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிவிட்டால் இப்பிழை நேராது. பெயரைப் பின்னர் திருத்த வேண்டியிருக்குமாதலால், மாற்றப்படாத மூலக் கோப்பையும் பாதுகாத்து வைக்க வேண்டும்.
* திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்தல்: கணினித் திரையில் பெரிதாகத் தெரியும் பெயர் பலகையிலும் அவ்வாறே தெரியும் எனக் கொள்வது.

உரிமம்

எழுத்துருவின் சட்ட நிலை பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் எழுத்துகளின் வடிவம் பதிப்புரிமைக்கு உட்படாது என 1978 ஆம் ஆண்டில் எல்ட்ரா - ரிங்கர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எழுத்துருக் கோப்பு ஒரு கணினி மென்பொருள் என்ற வகையில் பதிப்புரிமை பெறும் என 1998 ஆம் ஆண்டில் அடோபி - சதர்ன் சாஃப்ட்வேர் வழக்கில் அங்குள்ள நீதிமன்றம் முடிவு செய்தது. கூப்பர் பிளாக் எழுத்தையொத்த பல எழுத்துருக்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதற்கும், அவற்றின் கோப்புகளை அனுமதியின்றிப் படியெடுப்பது குற்றமாவதற்கும் இதுவே காரணம். பிற நாடுகளின் சட்டங்கள் இதனின்று வேறுபடும்.

சிறு வணிகர் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

* கணினியில் நிறுவி இலச்சினை அமைப்பதற்கான உரிமமும், இணையத்தளத்தில் எழுத்துருவை ஏற்றுவதற்கான உரிமமும், கைப்பேசிச் செயலியில் உள்ளடக்குவதற்கான உரிமமும் பெரும்பாலும் வெவ்வேறானவை.
* தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் எனக் குறிப்பிட்ட எழுத்துருவைக் கடைப் பெயருக்குப் பயன்படுத்தல் ஆகாது.
* வடிவமைப்பாளர் ஒருவர் இலச்சினை செய்து தந்தால், எழுத்துருவின் உரிமம் எவர் பெயரில் உள்ளது என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நன்று.
* எழுத்துருவைப் பயன்படுத்துவதனால் அதன் மேல் தனியுரிமை கிடைப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரரும் அதே எழுத்துருவைப் பயன்படுத்தலாம். காப்புப் பெறக்கூடியது வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்ட பெயரும் இலச்சினையுமே.

இதனையொத்த எழுத்துருக்கள்

மென்மையான முனைகள் கொண்ட எழுத்துகளுள் வின்ட்சர் (1905), சூவனிர் (1914) ஆகியன கூப்பர் பிளாக்கினும் மூத்தவை. இம்மூன்று மரபுகளின் தாக்கத்தோடு உருவான ஃபிரான்சஸ் என்னும் எழுத்துரு திறந்த உரிமத்தில் கூகுள் எழுத்துருத் தளத்தில் கிடைக்கிறது. 2010களின் இறுதியிலிருந்து இப்பாணி மீண்டும் வழக்கிற்கு வந்தது. தயிர் விற்பனை நிறுவனமான சோபானி 2017 ஆம் ஆண்டிலும், பர்கர் கிங் உணவக நிறுவனம் 2021 ஆம் ஆண்டிலும் தம் அடையாளத்தை மாற்றியபோது உருண்டு பருத்த எழுத்துகளையே தெரிவு செய்தன. அந்நிறுவனங்கள் தமக்கெனத் தனி எழுத்துருக்களை வரைவித்துக்கொண்டன. சிறு வணிகங்களுக்கு அது செலவு மிக்கதாதலால், கிடைக்கும் எழுத்துருவில் ஓரிரு எழுத்துகளை மட்டும் மாற்றி வரைந்து தனித்தன்மை பெறுவது நடைமுறையில் உள்ளது. அதற்கும் உரிமம் இடந்தருகிறதா என்பதைப் பார்த்தல் வேண்டும்.

தமிழ் எழுத்துகளுடன் பயன்பாடு

கூப்பர் பிளாக் இலத்தீன் எழுத்துகளுக்கென வரையப்பட்டது. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழுள்ள விதிகள், பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இடம்பெற வேண்டும் என்றும் பிற மொழிகள் அதற்குக் கீழே அமைய வேண்டும் என்றும் கூறுகின்றன. ஆகவே ஆங்கிலப் பெயருக்கு இத்தகைய எழுத்தைத் தெரிவு செய்பவர், அதற்கு இணையான தமிழ் எழுத்துருவை முதலிலேயே தேட வேண்டியவராகிறார். ஆங்கிலத்தை முடித்துவிட்டுக் கணினியில் இருக்கும் ஏதேனும் ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தால், ஒரே பலகையில் இரண்டு கடைகள் இருப்பதுபோன்ற தோற்றம் ஏற்படும்.

தமிழில் தடித்த எழுத்தை வரைவதற்கெனத் தனிச் சிக்கல்கள் உள்ளன. ண, ஞ, இ போன்ற எழுத்துகளில் சுழிகள் மிகுதி. கோட்டின் தடிப்பைக் கூட்டும்போது சுழிகளின் உள்வெளி விரைவில் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி மேலேயும், உகர ஊகாரக் குறிகள் சிலவற்றில் கீழேயும் நீள்வதால், வரிகளுக்கிடையே இலத்தீன் எழுத்தைவிட மிகுதியான இடம் வேண்டும். தனித்தனியாக வெட்டிப் பொருத்தும் அக்ரிலிக் எழுத்துகளில் புள்ளி தனித் துண்டாகும். அது உதிர்ந்துவிட்டால் சொல்லே மாறிவிடக்கூடுமாதலால், புள்ளியை உறுதியாகப் பொருத்துவதில் கவனம் தேவை.

தடித்த தமிழ் எழுத்துருக்களுள் மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினரின் பலூ தம்பி (2016) உருண்டு பருத்த தோற்றம் கொண்டது. கொய்னி என்பதும் தமிழும் இலத்தீனும் அடங்கிய தடித்த காட்சி எழுத்துருவாகும். கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லின் வழிவந்த பெயருடைய காட்டமரான், மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகளில் கிடைக்கிறது. இம்மூன்றும் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டவை, வணிகத்திற்கும் பயன்படுத்தலாம். இரு மொழிகளையும் இணைக்கும்போது எழுத்துருவின் எண்ணளவை ஒன்றாக வைப்பதைவிட, கோட்டின் தடிப்பையும் கண்ணுக்குத் தோன்றும் உயரத்தையும் ஒப்புமைப்படுத்துவதே முறையாகும்.

விமர்சனம்

கூப்பர் பிளாக் அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தப்பட்டுவிட்டது என்பதும், குறிப்பிட்டதொரு காலத்தையே நினைவூட்டுகிறது என்பதும் இதன் மீதான முதன்மையான குறைகளாகும். மிகுந்த தடிப்பினால் நீண்ட உரைக்கு இது பயன்படாது என்பது குறையன்று. அது அப்பயன் கருதி வரையப்படவில்லை. உலோக அச்சு, ஒளி அச்சு, கணினி என மூன்று தொழில்நுட்பங்களிலும் நிலைத்து நின்ற காட்சி எழுத்துருக்கள் சிலவே. அவற்றுள் ஒன்றாகக் கூப்பர் பிளாக் மதிக்கப்படுகிறது.